ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம்

முதல் எலிவேட்டர் முறுக்கிக்கொண்டது.
நான்கு மில்லி.
வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி
பின்னாலிருந்து டார்ச் அடித்தால்
அடியில் ஒரு பிறை.

"கதவா இருந்தா கீல் வச்சு இழுத்துறலாம்"
என்றான் நாகூர்கனி.

கதவுதான் எங்கள் சோறு.
கப்பலூர் சிட்கோ, பின்வரிசை ஷெட்,
மாதம் நூற்றிருபது ஃபைபர் பாத்ரூம் கதவு,
நீலம், வெளிர்ரோஜா, மரக்கோடு போட்டது.
கதவு வளைந்தால் கொத்தனார் திட்டுவார்.
இது வளைந்தால்
திட்டு வாங்க ஆள் இருக்காது.

ஏன் வளைந்தது?
ஆர்டர் நோட்டின் பின்னட்டையில் எழுதிப் பார்த்தோம்.
மேல்தோல் ஒட்டியது சனி சாயங்காலம்,
கீழ்த்தோல் ஞாயிறு மதியம்.
முந்தி வந்தது இறுகிச் சுருங்கி
நடுவிலிருந்த நுரைப்பலகையைத்
தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது.
பிந்தி வந்தது என்ன செய்யும், பாவம்.
போதாததற்கு சித்திரை, தகரக் கூரை.
கலந்த ரெசின் டப்பாவிலேயே புகைந்தது.

கடைசிக் காரணத்தைக் கனி எழுதவில்லை.
நான்தான் எழுதினேன்:
திங்கள் காலை கதவு போட மேஜை வேண்டுமென்று
பாதி காய்ந்ததைக் கழற்றிச்
சுவரில் சாய்த்தேன்.
சாய்த்தபடியே நின்றுவிட்டது.

மேலூரில் ஒரு கிரானைட் பலகை,
ஏழடிக்கு மூன்றடி, பாலிஷ் போட்டது,
மூலை உடைந்து ஏற்றுமதிக்கு ஆகாமல் கிடந்தது.
எட்டுப் பேர் இறக்கினார்கள்.
"கல்லறைக்கா?" என்றார் ஒருவர்.
"விமானத்துக்கு."
அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை,
கூலியை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம்.
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல்
கல்மேல் அப்படியே நின்றது.

இரவு இரண்டு மணி. ஷெட் குளிர்கிற ஒரே நேரம்.
மெழுகு தேய்த்த கல்லின்மேல் கனி கீழ்த்தோலை நனைக்க,
பாலித்தீன் விரிப்பில் நான் மேல்தோலை நனைக்க,
ஒரே டப்பா ரெசின், இரண்டு பிரஷ்.
மேலே துணி எந்தச் சாய்வோ
கீழேயும் அதே சாய்வு, அதே வரிசை,
நடுவில் நுரை, கண்ணாடி மாதிரி.
மடித்து, பையில் இட்டு, ஓரம் ஒட்டி,
பம்பைப் போட்டோம்.
பை சுருங்கி, மூச்சை உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டது.

மூன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.

முள் இறங்கியது.
பை நெகிழும் சத்தம் இருட்டில் நன்றாகவே கேட்டது.
நானும் அவனும் பேசிக்கொள்ளவில்லை.
சுவரோரம் டெலிவரிக்கு அடுக்கியிருந்த
திருநகர் அபார்ட்மெண்ட் கதவுகளை
ஆளுக்கொரு முனை பிடித்து
அதன்மேல் படுக்க வைத்தோம்.
மட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக.
பதினொன்று.

காலையில் காண்ட்ராக்டர் போன்:
"கதவு என்னாச்சு?"
"காயுதுண்ணே" என்றேன்.
பொய் என்று சொல்ல முடியாது.

மூன்று நாள் தொடவில்லை.
நான்காம் நாள் கல்லோடு சேர்த்துத்
தகரப் பெட்டியால் மூடி உள்ளே குண்டு பல்பு எரித்தோம்.
உசிலம்பட்டியில் கோழிக்குஞ்சு பொரிக்கும்
மச்சானிடம் இரவல் வாங்கிய தெர்மாமீட்டரில்
மெல்ல மெல்ல அறுபது டிகிரி.
இறங்கும்போது இன்னும் மெதுவாக.
பல்பை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு
பெட்டியைத் திறக்காமல் வீட்டுக்குப் போவது
எல்லாவற்றிலும் கஷ்டமான வேலை.

அடுத்த நாள் அந்தியில் ஸ்கேலை நிறுத்தினேன்.
டார்ச் நான்.
வருடா வருடம் மொட்டை மாடியில்
முதல் ஆளாகப் பிறை கண்டு கத்துகிறவன்
இந்த ஒரு தடவை
தெரியக்கூடாதென்று குனிந்தான்.

நகர்த்தி நகர்த்தி, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.
மேலே ஏழு மணி சென்னை விமானம் தாழ்ந்து போயிற்று.
அவன் நிமிரவில்லை.

கடைசி மூலையில், மயிரளவு.
"அரை மில்லி" என்றான்.
"இருக்கட்டுமா?"
"இருக்கட்டும். எழுதி வை."

எழுதி வைத்தேன்.
அதற்குக் கீழே:
திருநகர், கதவு பதினொன்று, நாலு நாள் தாமதம்,
ஒன்றுகூட வளையவில்லை.